எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு கோடிப் பேர்

கொரோனாவுக்காக நாட்டை அடைக்க நான்கு மணி நேர அவகாசம் போதும் என்றது அரசு. ஊர் திரும்பத் தவித்த தொழிலாளிக்கு முதல் ரயில் விட 38 நாட்கள் ஆயின. அந்த இடைவெளியில் நடந்தவர்களின் கதை இது.

மகாராஷ்டிரத்தின் ஜால்னா நகரில் இரும்பு ஆலையில் வேலை பார்த்த 20 பேர், 2020 மே 7 அன்று மாலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல், உமரியா மாவட்டங்களின் பழங்குடிக் கிராமங்கள்தான் அவர்களுக்குச் சொந்த ஊர். சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புசாவல் வரை நடந்துவிட்டால் அங்கிருந்து ரயில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். சாலையில் போனால் போலீஸ் மறிக்கும் என்ற பயம். அதனால் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தார்கள்.

இரவெல்லாம் நடந்தும் பாதித் தூரம்கூடக் கடக்கவில்லை. கால் ஓய்ந்த இடத்தில், பத்னாபூருக்கும் கர்மாடுக்கும் நடுவே, படுத்துவிட்டார்கள். சிலர் தண்டவாளத்திலேயே தலை சாய்த்தார்கள். நாட்டில் ரயிலே ஓடாதபோது தண்டவாளத்தில் என்ன ஆபத்து வந்துவிடும்?

பயணிகள் ரயில்கள்தான் நின்றிருந்தன. சரக்கு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. மே 8 அதிகாலை ஐந்தேகால் மணி வாக்கில் வந்த ஒரு சரக்கு ரயிலின் ஓட்டுநர், ஆட்கள் படுத்திருப்பதைப் பார்த்து ஹாரன் அடித்தார், பிரேக் போட்டார். சற்றுத் தள்ளி இருந்தவர்கள் கத்திக் கூப்பிட்டார்கள். எதுவும் பலிக்கவில்லை. 16 பேர் இறந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் வந்த படத்தில், ஜல்லிக் கற்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தன சப்பாத்திகள். வழிக்கு ஆகும் என்று கட்டி எடுத்துவந்தவை.

ஒரு வாரம் கழித்து உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சம்பவம் பேச்சுக்கு வந்தது. ஆட்கள் தண்டவாளத்தில் தூங்கினால் அதை யார் எப்படித் தடுக்க முடியும் என்று கேட்டது அமர்வு. அவர்கள் ஏன் தண்டவாளத்துக்கு வந்தார்கள் என்ற கேள்வி அன்றைக்கு எழவில்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், கொரோனாவுக்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இந்த நாடு ஒதுக்கிவைத்த ஒரு கணக்கில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இரவு எட்டு மணி

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் நரேந்திர மோடி தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்றார். பயணிகள் ரயில்கள் அதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தப்பட்டிருந்தன. இப்போது பேருந்தும் நின்றது, மாநில எல்லைகளும் மூடின.

வீடும் சேமிப்பும் மாதச் சம்பளமும் உள்ளவர்கள் மளிகைக் கடைக்கு ஓடினார்கள். டெல்லியிலும் மும்பையிலும் சூரத்திலும் தகரக் கொட்டகைகளில் இருந்தவர்கள் கையிலிருந்த ரூபாயை எண்ணிப் பார்த்தார்கள். அடுத்த நாளே நடை தொடங்கிவிட்டது.

மார்ச் 28 அன்று டெல்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் திரண்ட கூட்டத்தை நாடே பார்த்தது. உத்தரப் பிரதேச அரசு பேருந்து விடுகிறது என்ற செய்தி பரவி, கைக்குழந்தையும் பிளாஸ்டிக் வாளியும் துணிமூட்டையுமாக ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றார்கள். மறுநாள் மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது: தொழிலாளர்கள் நகர்வதைத் தடுத்து நிறுத்துங்கள், கிளம்பிவிட்டவர்களை வழியிலேயே முகாம்களில் 14 நாள் தங்கவையுங்கள், முதலாளிகள் கூலியைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது.

நகர்வதைத் தடுக்கும் உத்தரவை நிறைவேற்ற லத்தி இருந்தது. கூலியையும் வாடகையையும் பற்றிய உத்தரவை நிறைவேற்ற யாரும் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பியவர்களைச் சாலையில் உட்காரவைத்து, பேருந்துகளைக் கழுவும் கிருமிநாசினியை அவர்கள் மேல் பீய்ச்சி அடித்தார்கள். பெண்களும் குழந்தைகளும் கண்ணைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

மார்ச் 31 அன்று, காலை 11 மணி நிலவரப்படி சாலையில் யாரும் இல்லை என்று மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தார். ஊரடங்கு மூன்று மாதம் நீடிக்கும் என்ற பொய்ச் செய்தியால் ஏற்பட்ட பீதியே இந்த நகர்வுக்குக் காரணம் என்ற அரசின் விளக்கத்தை நீதிமன்றமும் ஏற்றது.

ஊரடங்கு மே 31 வரை நான்கு கட்டங்களாக நீண்டது.

கூலி என்பது கைக்கு எப்போது வரும்?

‘இருக்கிற இடத்திலேயே இருங்கள்’ என்ற சொல், இருக்க இடம் உண்டு என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்டது. கட்டடத் தொழிலாளி வேலை செய்யும் கட்டடத்திலேயே படுக்கிறார். ஹோட்டல் தொழிலாளி மேசைகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே படுக்கிறார். செங்கல் சூளைத் தொழிலாளிக்குச் சூளை ஓரத்துக் குடிசைதான் வீடு. வேலை நின்ற அன்றே இவர்களுக்குக் கூரையும் ஆட்டம் காண்கிறது.

சூரத்தின் விசைத்தறிக் கூடங்களில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் பெருந்தொகையாக வேலை பார்க்கிறார்கள். அவர்கள் தங்கும் இடத்துக்கு ‘மெஸ்’ என்று பெயர். நீண்ட கூடத்தில் வரிசையாகப் பாய்கள். ஒரு பாய்க்கு இரண்டு ஆள்: பகல் ஷிஃப்ட்காரர் எழுந்து போனதும் இரவு ஷிஃப்ட்காரர் வந்து படுப்பார். தறி ஓடும்வரை இந்த ஏற்பாடு ஓடும். தறி நின்றபோது இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் ஒரே நேரத்தில் அந்தக் கூடத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். ஆறடி இடைவெளி பற்றித் தொலைக்காட்சி பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே கால் நீட்ட இடமில்லை. ஏப்ரல் 10 அன்று சூரத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். கூலியைக் கொடுங்கள், இல்லையென்றால் ஊருக்கு அனுப்புங்கள் என்றார்கள். கலவரம் என்று கைது நடந்தது.

வெளியூர் வேலையில் கூலி அன்றன்றைக்குக் கைக்கு வருவதில்லை. வாரத்துக்கு ஒரு தொகையைச் செலவுக்கு என்று மேஸ்திரி கொடுப்பார். வட மாநிலத் தொழிலாளர்கள் இதை ‘கர்ச்சி’ என்கிறார்கள். மீதிக் கணக்கு, வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் தீர்க்கப்படும். ஊரிலேயே முன்பணம் வாங்கியவர் என்றால் அதைக் கழித்துக்கொள்வார்கள். ஆக, ஊரடங்கு வந்தபோது பல பேரின் உழைப்பு மேஸ்திரியின் நோட்டில் எழுத்தாக மட்டுமே இருந்தது. அந்த மேஸ்திரியின் செல்பேசி அணைந்துவிட்டது. அவருக்குப் பணம் தர வேண்டிய கான்ட்ராக்டர் மேலே கை காட்டினார். அவருக்கு மேலே இருந்த கம்பெனிக்கு இந்தத் தொழிலாளியின் பெயரே தெரியாது.

ஜன் சாஹஸ் அமைப்பு மார்ச் கடைசியில் 3,196 கட்டடத் தொழிலாளர்களிடம் தொலைபேசியில் பேசியது. 42 சதவீதம் பேரிடம் ஒரு நாளுக்குக்கூட ரேஷன் இல்லை. சிக்கிக்கொண்ட தொழிலாளர்களுக்கு உதவத் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘ஸ்வான்’ குழு, முதல் மூன்று வாரங்களில் தன்னை அழைத்த 11,159 பேரின் நிலையைத் தொகுத்து ஏப்ரலில் வெளியிட்டது. அவர்களில் 96 சதவீதம் பேருக்கு அரசிடமிருந்து ரேஷன் வரவில்லை. 89 சதவீதம் பேருக்கு ஊரடங்குக் காலக் கூலியை முதலாளி கொடுக்கவில்லை.

கூலியைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற உத்தரவு நிறுவனங்களால் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. மே 17 அன்று உள்துறை அமைச்சகமே அதை விலக்கிக்கொண்டது.

கிடங்கு நிறைய தானியம்

பசிக்குத் தானியப் பஞ்சம் காரணமில்லை. 2020 மார்ச் தொடக்கத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் சுமார் 7.7 கோடி டன் அரிசியும் கோதுமையும் இருந்தன. கட்டாயம் வைத்திருக்க வேண்டிய இருப்பைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். ரேஷன் அட்டைதாரர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமை, குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பு, மூன்று மாதத்துக்கு இலவசம். சிக்கல் அந்த அட்டையில் இருந்தது. பீகாரிலிருந்து வந்து குருகிராமில் வேலை பார்த்தவரின் பெயர், பீகாரில் அவருடைய கிராமத்து ரேஷன் கடையில் இருந்தது. குருகிராமின் கடைக்காரருக்கு அவர் அந்நியர். ஊரில் அவர் பங்கு அரிசி இருந்தது, வாய் இங்கே இருந்தது.

அதே அறிவிப்பில் கட்டடத் தொழிலாளர் நல நிதியும் வந்தது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை வரியாக வசூலித்துச் சேர்த்த நிதி அது. அதிலிருந்த 31,000 கோடி ரூபாயைப் பயன்படுத்திக்கொள்ளும்படி மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் நல வாரியத்தில் பதிந்தவருக்குத்தான் பணம். ஜன் சாஹஸ் பேசிய தொழிலாளர்களில் 94 சதவீதம் பேரிடம் அந்த வாரிய அட்டை இல்லை. அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள் இவர்கள். கட்டடத்தின் பேரால் வரி வந்தது, கட்டியவரின் பெயர் மட்டும் பதிவாகவில்லை.

அட்டை இல்லாதவர்களுக்கும் தானியம் என்ற அறிவிப்பு மே 14 அன்று வந்தது. எட்டுக் கோடிப் பேருக்கு, இரண்டு மாதத்துக்கு, ஆளுக்கு 5 கிலோ தானியம், குடும்பத்துக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை. ஊரடங்கின் 51ஆம் நாள் அது. கர்மாட் தண்டவாளத்தில் சப்பாத்திகள் சிதறி ஆறு நாள் ஆகியிருந்தது.

நெடுஞ்சாலை

அந்த ஏப்ரலிலும் மேயிலும் இந்திய நெடுஞ்சாலைகளில் நடந்ததை எழுத எழுத ஒவ்வொரு வரியும் கனக்கிறது.

மகாராஷ்டிரத்தின் வார்தாவிலிருந்து நண்பர்களோடு நாமக்கல் மாவட்டத்துக்கு நடந்து புறப்பட்ட ஓர் இளைஞர், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து செகந்திராபாத் வந்து சேர்ந்தார். அங்கே தங்கவைக்கப்பட்ட முகாமில் ஏப்ரல் தொடக்கத்தில் சரிந்து விழுந்து உயிர் விட்டார். தமிழ்நாட்டு வீடு ஒன்று மகனுக்காகக் காத்திருந்தது. பிணமாகத்தான் அவர் வந்தார்.

தெலங்கானாவின் மிளகாய்க் காடுகளில் காய் பறிக்கப் போன சத்தீஸ்கரின் பீஜாப்பூர் மாவட்டத்துப் பழங்குடிச் சிறுமிக்கு வயது 12. உறவினரோடு காட்டு வழியில் மூன்று நாள் நடந்து, ஊருக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது இறந்துபோனாள். நாசிக்கிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் சத்னாவுக்கு நடந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருவருக்குச் சாலையோரத்திலேயே பிரசவம் ஆனது. கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டு, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி நடந்தார். இந்தூர் அருகே போலீஸ் நிறுத்திய ஒரு கான்கிரீட் கலவை லாரியின் சுழல் தொட்டிக்குள்ளிருந்து, சிறிய துவாரம் வழியாக, 18 பேர் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அடிபட்ட அப்பாவைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்கு 1,200 கிலோமீட்டர் மிதித்தாள் 15 வயதுப் பெண். உலகமே அவளைப் பாராட்டியது. அந்தப் பாராட்டில், ஒரு சிறுமி ஏன் அப்படி மிதிக்க நேர்ந்தது என்பது அமுங்கிப்போனது.

காஜியாபாதிலிருந்து பீகாரின் சஹர்சாவுக்குச் சைக்கிளில் போன ஏழு தொழிலாளர்களோடு பயணம் செய்து, ‘1232 கே.எம்.எஸ்.’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார் வினோத் காப்ரி. படத்தின் பெயரே அவர்கள் கடந்த தூரம்தான்.

லாரிகளில் ஏறியவர்களும் பத்திரமாக இல்லை. மே 16 அதிகாலை உத்தரப் பிரதேசத்தின் ஔரையாவில், தொழிலாளர்கள் ஏறியிருந்த வண்டிகள் மோதி 24 பேருக்கு மேல் இறந்தார்கள். மார்ச் 25 முதல் மே 31 வரையிலான சாலை விபத்துகளைத் தொகுத்த சேவ்லைஃப் அறக்கட்டளை, அவற்றில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்களின் எண்ணிக்கை 198 என்றது.

ரயில் வந்தது

மே 1, உழைப்பாளர் தினம். விடியும் முன்னே தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு, சுமார் 1,200 பேரோடு ஒரு ரயில் கிளம்பியது. முதல் ‘ஷ்ரமிக் சிறப்பு ரயில்’ அதுதான். ஆகஸ்ட் இறுதி வரை இப்படி 4,621 ரயில்கள் ஓடின. 63 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் சேர்ந்தார்கள். சாதாரணக் காரியமல்ல, ரயில்வே ஊழியர்கள் நோய்ப் பயத்துக்கு நடுவே செய்த வேலை. ஆனால் ரயிலில் ஏறும்வரை தொழிலாளி பட்ட பாடு தனிக் கதை.

முதலில் இணையத்தில் பதிய வேண்டும். பல மாநிலங்களின் படிவம் ஆங்கிலத்தில் அல்லது அந்த ஊர் மொழியில் இருந்தது. காவல் நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். நோய் இல்லை என்று மருத்துவச் சான்று வேண்டும். அதற்காகக் கிளினிக் வாசலில் வரிசை. அனுப்பும் மாநிலமும் ஏற்கும் மாநிலமும் சம்மதிக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் ஒருநாள் செல்பேசிக்குத் தகவல் வரும், அல்லது வராது. கர்மாடில் உயிர் தப்பியவர்களும், அனுமதிக்கு விண்ணப்பித்துப் பதில் வராததால்தான் நடந்தோம் என்றார்கள்.

தொழிலாளி போய்விடக் கூடாது என்று நினைத்தவர்களும் உண்டு. மே 5 அன்று கர்நாடக முதலமைச்சர் பி.எஸ். எடியூரப்பா கட்டுமான நிறுவனத்தாரைச் சந்தித்தார். அன்றைக்கே அந்த அரசு, கேட்டிருந்த ரயில்கள் வேண்டாம் என்று ரயில்வேக்கு எழுதியது. வேலை தொடங்குகிறது, ஆள் வேண்டும் என்பதே பின்னணி. கடும் எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு நாளில் முடிவு மாறியது. சொந்த ஊருக்குப் போகும் உரிமையும் முதலாளியின் வேலைத் தேவையைப் பொறுத்ததாகிவிட்டது, அந்த இரண்டு நாளும்.

கட்டணத்தை யார் கொடுப்பது என்று மத்திய அரசும் மாநிலங்களும் கட்சிகளும் வாதாடிக்கொண்டிருந்தபோது, பல இடங்களில் தொழிலாளியே கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறினார். பயணிகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது, சோறும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது மே 28 அன்று. தானாக முன்வந்து வழக்கை எடுத்த இரண்டாம் நாள் அது. ஊரடங்கு தொடங்கி இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

மே மாத வெயிலில், குளிர்சாதனம் இல்லாத பெட்டிகளில், ஒரு நாள் பயணம் இரண்டு மூன்று நாளாக இழுத்தது. மும்பை அருகே வசாயிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூருக்குக் கிளம்பிய ரயில் ஒடிசாவின் ரூர்கேலாவில் போய் நின்றது. பாதை நெரிசலால் சுற்றி விட்டோம் என்றது ரயில்வே. சில நிலையங்களில் தண்ணீர் பாட்டிலுக்கும் உணவுப் பொட்டலத்துக்கும் அடிதடி நடந்தது.

மே 25 அன்று பீகாரின் முசாஃபர்பூர் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு தாய் கிடந்தார். அகமதாபாத்திலிருந்து வந்த ரயிலில் இறந்துபோன அவரை இறக்கி, ஒரு துணியால் மூடியிருந்தார்கள். அது தெரியாத அவருடைய கைக்குழந்தை அந்தத் துணியை இழுத்து இழுத்து விளையாடியது. பார்த்தவர் யாராலும் அந்தக் காணொளியை மறக்க முடியவில்லை.

ஷ்ரமிக் ரயில்களில் இறந்தவர்கள் 97 பேர் என்று செப்டம்பரில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் தெரிவித்தார்.

அண்டை வீட்டில், நம் வீட்டில்

எல்லா மாநிலமும் ஒன்றுபோல நடந்துகொள்ளவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு மத்திய அரசு கொடுத்த அறிக்கையின்படி, நாடு முழுக்க இருந்த 22,567 நிவாரண முகாம்களில் 15,541 கேரளத்தில் இருந்தன. வெளிமாநிலத் தொழிலாளியை ‘அதிதி தொழிலாளி’, விருந்தாளி, என்று அழைக்கும் வழக்கம் அங்கே முன்பே வந்துவிட்டது. அங்கேயும் பிரச்சினை இல்லாமல் இல்லை. மார்ச் 29 அன்று கோட்டயம் அருகே பாயிப்பாட்டில் தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பக் கோரித் தெருவில் திரண்டார்கள். முகாமில் சோறு இருந்தும் மனம் ஊரில் இருந்தது. வயதான பெற்றோர், அறுவடைக்கு நிற்கும் கோதுமை, செத்தால் சொந்த மண்ணில் சாக வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தது அந்த மனம்.

தமிழ்நாட்டில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாகத் தொழிலாளர் துறை 2015-16இல் எடுத்த கணக்கு சொன்னது. காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை, கோவை, திருப்பூர் மாவட்டங்களில்தான் பெருங்கூட்டம். நம் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டியவர், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவர், ஹோட்டலில் பரோட்டா போட்டவர் என்று அன்றாடம் பார்த்த முகங்கள். பலருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. ‘வடக்கத்திக்காரர்’, ‘இந்திக்காரப் பையன்’ என்ற பொதுப்பெயரே போதுமாக இருந்தது.

மே மாதத்தில் சென்னையின் தென்பகுதிகளிலும் கூடங்குளம் அணுமின் நிலையக் கட்டுமானத்திலும் அவர்கள் போராட்டத்தில் இறங்கியபோதுதான், இத்தனை பேர் இருக்கிறார்களா என்று ஊர் திரும்பிப் பார்த்தது. இங்கிருந்து முதல் ஷ்ரமிக் ரயில் மே 6 அன்று காட்பாடியிலிருந்து ஹட்டியாவுக்குக் கிளம்பியது. வேலூருக்குச் சிகிச்சைக்கு வந்து மாட்டிக்கொண்ட நோயாளிகளும் உடன் வந்தவர்களும் அதில் நிறையப் பேர்.

1979இல் எழுதிவைத்த சட்டம்

இவர்களுக்குச் சட்டமே இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. ஒடிசாவில் ‘தாதன்’ என்ற முறையில் ஏஜென்ட்கள் கூட்டம் கூட்டமாக ஆட்களை வெளிமாநிலங்களுக்குக் கொண்டுபோய் வதைத்த கொடுமை எழுபதுகளில் பேசப்பட்டது. அதன் விளைவாக 1979இல் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. கான்ட்ராக்டர் உரிமம் பெற வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். கூலியும் முன்பணமும் அதில் எழுதப்பட வேண்டும். ஊரைவிட்டு வருவதற்கு மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும். போகவர வழிச்செலவு, தங்க இடம், மருத்துவம் எல்லாம் எழுதப்பட்டிருந்தன.

இந்தச் சட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் 2020 மார்ச்சில் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் மேசையிலும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்: யார், எந்த ஊர், எந்த கான்ட்ராக்டர், எவ்வளவு பாக்கி. ரயிலும் ரேஷனும் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும். ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போகிறார்கள் என்று 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டிருந்தது. மதிப்பீடு இருந்தது, பெயர் இல்லை. கான்ட்ராக்டர்கள் பதியவில்லை; பதியாதவர்களை யாரும் கேட்கவில்லை.

2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் ஒரு கேள்வி. ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள்? அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்துமூலம் பதில் சொன்னது. ஆகவே இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லை. ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் கணக்கு இருந்தது: ஒரு கோடியே நான்கு லட்சத்துக்கும் மேல். அதில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். 15 லட்சம் பேர் பீகார்.

அரசு வைக்காத கணக்கை ஆய்வாளர்களும் தன்னார்வலர்களுமான சிலர் செய்தித்தாள்களைப் படித்துப் படித்துத் தொகுத்தார்கள். ஜூலை தொடக்கம் வரை, நோயால் அல்லாமல் ஊரடங்கின் விளைவாக நேர்ந்தவை என்று 970க்கும் மேற்பட்ட சாவுகளைப் பதிந்தார்கள். பசி, பணமுடை, நடைக் களைப்பு, விபத்து, தற்கொலை, போலீஸ் அடி என்று காரணவாரியாக. ஒரு நாட்டின் புள்ளிவிவரத் துறை செய்ய வேண்டியதைச் சில தனிமனிதர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் செய்தார்கள்.

மக்களவையில் அந்தப் பதில் வந்த அடுத்த வாரமே நாடாளுமன்றம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றியது. 1979 சட்டம் அவற்றில் ஒன்றுக்குள் கரைந்தது. தானாக வேலை தேடி வருபவரையும் புலம்பெயர் தொழிலாளி என்று ஏற்றது முன்னேற்றம். இடப்பெயர்வுப் படி காணாமல் போனது. முன்பு ஐந்து தொழிலாளர் இருந்தாலே சட்டம் பாயும். இப்போது பத்துப் பேர் வேண்டும்.

2021 ஜூன் 29 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர். ஷா அமர்வு, ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தை ஜூலை 31க்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும், அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதியும் தளத்தை அதே தேதிக்குள் தொடங்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ‘இ-ஷ்ரம்’ தளம் அந்த ஆகஸ்டில் வந்தது. இன்று 30 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதில் பதிந்திருக்கிறார்கள். தமிழ்நாடு 2020 அக்டோபர் 1 முதலே ரேஷன் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. பீகார்த் தொழிலாளி திருப்பூர் ரேஷன் கடையில் விரல் வைத்து அரிசி வாங்க இப்போது வழி உண்டு. இவை உண்மையான மாற்றங்கள். ஆனால் பதிந்தவருக்கு வேலை போனால் என்ன கிடைக்கும், கூலிப் பாக்கியை யார் வசூலித்துத் தருவார்கள் என்பதற்கு அந்தத் தளத்தில் பொத்தான் இல்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. எத்தனை பேர் எந்த ஊரில் என்பதற்கு இன்னமும் 2011ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்தவர்கள்

ஊர் சேர்ந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது நூறு நாள் வேலை. மே 17 அன்று அதற்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்த நிதியாண்டில் சுமார் 11 கோடிப் பேர் மண்வெட்டி பிடித்தார்கள்; திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இல்லாத எண்ணிக்கை. சராசரிக் கூலி நாளுக்கு 202 ரூபாய். சூரத்தில் தறி ஓட்டியவருக்கும் மும்பையில் டாக்ஸி ஓட்டியவருக்கும் ஏரி வெட்டும் வேலை.

ஜூன் வந்தது. பஞ்சாபில் நெல் நடவு தொடங்கும் மாதம். நட ஆள் இல்லை. பஞ்சாப் விவசாயிகள் பீகார், உத்தரப் பிரதேசக் கிராமங்களுக்கே பேருந்து அனுப்பினார்கள். வழக்கத்தைவிடக் கூடுதல் கூலி, கையில் முன்பணம், வழியில் சாப்பாடு. பெருநகரங்களின் கட்டுமான நிறுவனங்கள் சில, தொழிலாளர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தன. ஏப்ரலில் ஒரு பேருந்துகூட ஏற்பாடு செய்ய முடியாது என்று சொல்லப்பட்ட அதே மனிதர்களுக்கு, ஜூனில் வாசலுக்கே வண்டி வந்தது. கடனும் வயிறும் அவர்களை ஏற்றிவிட்டன.

பத்து மாதம் கழிந்தது. 2021 ஏப்ரல் 19, திங்கட்கிழமை. இரண்டாம் அலையில் டெல்லி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அன்று இரவு 10 மணி முதல் ஆறு நாள் ஊரடங்கு என்று முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவால் அறிவித்தார். சின்ன ஊரடங்குதான், யாரும் டெல்லியை விட்டுப் போகாதீர்கள், நான் இருக்கிறேன் என்று தொழிலாளர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலைக்குள் ஆனந்த் விஹார் பேருந்து நிலையம் நிரம்பிவிட்டது. அதே கைக்குழந்தைகள், அதே பிளாஸ்டிக் வாளிகள், அதே துணிமூட்டைகள். இந்த முறை ரயிலும் பேருந்தும் ஓடிக்கொண்டிருந்தன. அவை நிற்பதற்குள் ஏறிவிட வேண்டும் என்று முண்டியடித்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் பேருந்தின் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள்.